உரிமம் தேர்ந்தெடுக்க உதவும் தளம்: தரவுத்தளம் எழுதுபவனின் பார்வையில்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. காய் விளைவதோ மலைக்கு மேலே இடுக்கி மாவட்டத்தில். பறித்த பச்சைக்காயின் எடை, ஸ்டோரில் (காய் உலர்த்தும் கூடத்தில்) உலர்ந்து வந்த காயின் எடை, ஆள்கூலி ஆகிய மூன்றும் சிக்னல் கிடைக்காத தோட்டத்தில் கைப்பேசியில் பதிவாகி, ஜீப் கீழே இறங்கியதும் தாமாகவே ஒன்றுசேர வேண்டும் என்பதற்காக, நானும் நெடுங்கண்டத்தில் இருக்கும் நண்பர் ஒருவரும் சிறிய தரவுத்தள மென்பொருள் ஒன்றை எழுதிவருகிறோம். அதைத் திறமூலமாக்குவது, அதாவது மூல நிரலை யாரும் எடுத்துத் திருத்திப் பயன்படுத்தும்படி வெளியிடுவது என்று முடிவானபோது, எந்த உரிமத்தின் கீழ் என்ற கேள்வியோடு நிரல்களைச் சேமித்துப் பகிர இடம் தரும் கிட்ஹப் நிறுவனம் நடத்திவரும் ‘சூஸ் ஏ லைசென்ஸ்’ தளத்துக்குப் போனேன்.

முகப்பில் மூன்றே வழிகள் உள்ளன. ஏற்கெனவே இயங்கும் ஒரு சமூகத்தோடு சேர்ந்து வேலை செய்பவர் அந்தச் சமூகத்தின் உரிமத்தையே பின்பற்றலாம். எளிமையும் தாராளமும் விரும்புபவருக்கு எம்ஐடி என்ற உரிமம். மேம்பாடுகள் திரும்பப் பகிரப்பட வேண்டும் என்பவருக்கு ஜிபிஎல் 3 என்ற உரிமம். ஒவ்வொரு உரிமத்தின் பக்கத்திலும் அனுமதிகள் பச்சைப் புள்ளிகளாகவும், நிபந்தனைகள் நீலமாகவும், வரம்புகள் சிவப்பாகவும் காட்டப்படுகின்றன. சட்ட நடையைப் பார்த்ததும் கண் சொருகும் என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி. சட்ட ஆலோசனை தருவது தங்கள் நோக்கமில்லை என்று தளமே சொல்லிவிடுகிறது.

எனக்கு அதிகம் பயன்பட்டது, உரிமமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று விளக்கும் பக்கம். எங்கள் மூல நிரல் பல மாதங்களாக எந்த உரிமக் கோப்பும் இல்லாமல் இணையத்தில் கிடந்தது. “எல்லாரும் எடுத்துக்கட்டும்னுதானேண்ணே போட்டோம்” என்றார் நண்பர். ஆனால், 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கொள்வதால், நாங்கள் வாய்திறந்து அனுமதி தராதவரை அதை எடுத்துத் திருத்திப் பரப்ப யாருக்கும் உரிமையில்லை. பிழை எங்களுடையதுதான்.

தரவுத்தளம் என்று வரும்போது மட்டும் அந்த மூன்று வழிகள் போதவில்லை. அங்கே முதலில் கேட்க வேண்டியது வேறு: இந்த நிரல் இன்னொருவருடைய செயலிக்குள் உட்கார்ந்து ஓடப்போகிறதா, அல்லது தனியாக ஒரு சர்வரில் ஓடி வலைவழியே பதில் சொல்லப்போகிறதா? மென்பொருளின் பிரதியை இன்னொருவர் கையில் கொடுக்கும்போதுதான், மூல நிரலையும் அதே உரிமத்தில் தர வேண்டும் என்ற ஜிபிஎல்லின் கடமை பிறக்கிறது. சர்வரை வாடகைக்கு விடுபவர் பிரதி எதையும் கொடுப்பதில்லை. ஆகவே, ஜிபிஎல் தரவுத்தளத்தைத் தன் வசதிக்குத் திருத்திக்கொண்டு, திருத்தத்தை வெளியே காட்டாமலேயே காசு பார்க்கலாம். 2007 நவம்பரில் வந்த ஏஜிபிஎல் 3 என்ற உரிமம், திருத்திய நிரலை வலைவழிப் பயனர்களுக்கும் தரச் சொல்லி இந்த ஓட்டையை அடைக்கிறது. தளத்தில் அதுவும் இருக்கிறது, தெளிவாகவே விளக்கப்பட்டிருக்கிறது; ஆனால், முகப்பைத் தாண்டி உரிமங்களின் பட்டியலுக்குள் போனால்தான் கண்ணில் படும்.

அந்த உரிமமும் திருத்திய வடிவத்தை வலைவழி வழங்குபவரைத்தான் கட்டுகிறது. திருத்தாமல் ஓட்டுபவரிடம் எதையும் கேட்பதில்லை. அது போதாது என்று கருதிய மோங்கோடிபி என்ற தரவுத்தள நிறுவனம், 2018 அக்டோபரில் சேவையை நடத்தப் பயன்படும் நிரல்கள் அனைத்தையும் வெளியிடக் கோரும் எஸ்எஸ்பிஎல் என்ற புதிய உரிமத்துக்கு மாறியது. எவை திறமூல உரிமங்கள் என்று அங்கீகரிக்கும் திறமூல முன்முயற்சி அமைப்பு அதைத் திறமூல உரிமமாக ஏற்கவில்லை. 2021இல் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள் இதே திசையில் நகர்ந்ததும், அதன் பழைய திறமூல நிரலிலிருந்து அமேசான் ஓப்பன்சர்ச் என்ற தனிக் கிளையைத் தொடங்கியது; 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தளம் மாறியதும் அதன் கிளையாக வால்கீ பிறந்தது. பிறகு எலாஸ்டிக்சர்ச் 2024இலும் ரெடிஸ் 2025இலும் ஏஜிபிஎல்லையும் ஒரு தெரிவாகச் சேர்த்துக்கொண்டன. மாறாக, போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் எம்ஐடியைப் போன்ற தாராள உரிமத்தோடு தொடர்கிறது. அதன் பதிப்புரிமை பலரிடம் பரவிக் கிடப்பதால் ஒரே நிறுவனம் ஒரு காலைப்பொழுதில் உரிமத்தை மாற்றிவிட முடியாது. தரவுத்தளம் எழுதுபவர் வண்ணப் புள்ளிகளைவிட இந்த வரலாற்றைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் மென்பொருளில் இரண்டு பகுதிகள் இருப்பதால் இரண்டு உரிமங்களை வைத்துக்கொண்டோம். கைப்பேசிச் செயலிக்குள் அமரும் பகுதிக்கு அப்பாச்சி 2.0 என்ற தாராள உரிமம்; காப்புரிமை (பேடன்ட்) பற்றி வெளிப்படையாகப் பேசுவது எம்ஐடியைவிட அதற்கு உள்ள மேன்மை. பதிவுகளை ஒன்றுசேர்க்கும் சர்வர் பகுதிக்கு ஏஜிபிஎல். பயனரின் நிரலைத் தொடும் பகுதி இளகியதாக இருக்க வேண்டும் என்பதற்கு மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமே சாட்சி: பிற நிரல்கள் தன்னோடு பேச உதவும் இணைப்பு நூலகத்தை, ஜிபிஎல்லின் இளகிய வடிவமான எல்ஜிபிஎல்லிலிருந்து ஜிபிஎல்லுக்கு மாற்றியபோது பிஎச்பி நிரல்மொழியின் உரிமத்தோடு பொருந்தாமல் போய், 2004இல் தனியாக ஒரு விதிவிலக்கு வழங்க நேர்ந்தது.

இதையெல்லாம் ஸ்டோர்க்காரர் ஒருவரிடம் விளக்கினேன். தராசில் மூட்டையை ஏற்றிக்கொண்டே, “நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் இல்லைன்னா என் கணக்கு என்ன ஆகும் தம்பி?” என்று கேட்டார். மூல நிரல் திறந்திருப்பதால் வேறொருவர் எடுத்து நடத்தலாம் என்றேன். கணக்கு யாருடையது என்று அடுத்த கேள்வி வந்தது. மென்பொருள் உரிமம் உள்ளே இருக்கும் தரவைத் தொடுவதே இல்லை; அது அவருடையதே. இந்த ஒரு வரியை விளக்கக் கோப்பின் முதலிலேயே சேர்த்துவிட்டேன்.

நண்பருக்குத்தான் ஏஜிபிஎல்லில் மனம் ஒப்பவில்லை. எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தைப் போல, யாருக்கும் பதிப்புரிமை இல்லாத பொதுச்சொத்தாக விட்டுவிடலாமே என்றார். பொதுச்சொத்து என்பது செல்லாத நாடுகளில் இருப்பவர்களுக்காக எஸ்க்யூலைட்காரர்களே உரிமப் பத்திரம் விற்கும் பக்கத்தைத் திறந்து காட்டினேன். படித்துவிட்டு, ஏஜிபிஎல் கோப்பை அவரே பதிவேற்றினார்.