மன்ஹாட்டனா, ஓல்ட் ஃபேஷன்டா? வெர்மூத் பாட்டில் சொன்ன பதில்

அக்டோபர் கடைசியில் இங்கே நியூ ஜெர்சியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கோடையில் ருசித்த ஜின் டானிக் அப்போது நாக்குக்கு ஒட்டாது, கை தானாக விஸ்கி பக்கம் போகும். போன வருடம் இலையுதிர் காலம் முழுக்க மன்ஹாட்டன் என்ற விஸ்கி காக்டெயில் கலந்தேன். இந்த வருடம் இன்னொரு விஸ்கி காக்டெயிலான ஓல்ட் ஃபேஷன்டுக்கு மாறிவிட்டேன், இனி வீட்டில் அதுதான். விஸ்கி சவரை இந்தப் போட்டியில் சேர்க்கவே இல்லை, எலுமிச்சைப் புளிப்பு எனக்கு வெயில் காலத்துச் சுவை.

மன்ஹாட்டனில் குறை என்று எதுவும் இல்லை. 60 மி.லி. ரை விஸ்கி (ரை என்ற தானியத்தில் வடித்தது), 30 மி.லி. இனிப்பு வெர்மூத், இரண்டு டேஷ், அதாவது இரண்டு உதறு, அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்பு மூலிகைச் சாரம், ஐஸோடு கலக்கி வடிகட்டி ஒரு செர்ரி. ரையின் மிளகுக் காரமும் வெர்மூத்தின் மூலிகை வாசனையும் சேரும்போது நன்றாகவே இருக்கும். புதிதாகத் திறந்த பாட்டிலில் கலந்த முதல் கிளாஸ் இன்னும் நினைவில் இருக்கிறது.

சிக்கல் அந்தப் பாட்டிலில்தான். வெர்மூத் என்பது மூலிகை ஊறவைத்து, கொஞ்சம் சாராயம் ஏற்றிய ஒயின். 15 முதல் 18 சதவீதம் வரைதான் ஆல்கஹால், அதனால் திறந்ததும் காற்று பட்டுக் கெட ஆரம்பிக்கும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஒன்று, இரண்டு மாதம்தான் தாங்கும். இப்போது கணக்குப் போடுங்கள்: 750 மி.லி. பாட்டில், கிளாஸுக்கு 30 மி.லி., ஆக 25 கிளாஸ். நானும் மனைவியும் வெள்ளிக்கிழமை இரவு ஆளுக்கு ஒன்று, வாரத்துக்கு இரண்டு. தீர 12 வாரத்துக்கு மேல் ஆகும், அதாவது பாட்டில் பாதி இருக்கும்போதே நல்ல நாட்கள் முடிந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு நான் அதை விஸ்கி பாட்டில்களோடு அலமாரியிலேயே வைத்திருந்தேன். டிசம்பரில் மூடியைத் திறந்தால் பழைய உலர்திராட்சையும் வினிகரும் கலந்த மாதிரி ஒரு வாசனை, கலந்து குடித்துப் பார்த்தால் சப்பென்று இருந்தது. நல்ல ரையையும் சேர்த்து சிங்க்கில் கொட்ட வேண்டியதாயிற்று. 375 மி.லி. பாட்டில் கிடைத்தால் ஆறு வாரத்தில் தீர்ந்துவிடும், ஆனால் எல்லாப் பிராண்டிலும் அந்த அளவு வருவதில்லை.

ஓல்ட் ஃபேஷன்டில் இந்தக் கவலை கிடையாது. 1806இல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் ஊரில் வெளிவந்த ஒரு பத்திரிகை, காக்டெயில் என்றால் சாராயம், சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்று விளக்கியது. ஓல்ட் ஃபேஷன்ட் இன்றைக்கும் அந்த நாலுதான், நாலில் எதுவும் அலமாரியில் கெட்டுப்போகாது. அங்கோஸ்டுரா 44.7 சதவீதம் ஆல்கஹால், சின்ன பாட்டிலே வருடக்கணக்கில் வரும்.

இலையுதிர் காலத்துக்காக நான் மாற்றுவது சர்க்கரையை மட்டும்தான், அதற்குப் பதில் மேப்பிள் சிரப். பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கிற மாதிரி வேலைதான் அது, சுமார் 40 லிட்டர் மரச்சாறு சுண்டினால் 1 லிட்டர் சிரப். கறுத்த வகையாக வாங்குங்கள், வெளிர் நிறச் சிரப், ஓல்ட் ஃபேஷன்டுக்கு நான் ஊற்றும் போர்பன் என்ற மக்காச்சோள விஸ்கிக்கு அடியில் காணாமல் போய்விடும். திறந்தபின் இதையும் ஃபிரிட்ஜில் வைக்கத்தான் வேண்டும், ஆனால் மாதக்கணக்கில் தாங்கும், மீந்தால் பான்கேக்குக்குப் போகும். கருப்பட்டிப் பாகும் ஒரு தடவை ஊற்றிப் பார்த்தேன், அதன் உப்புக்கரிப்பு தூக்கலாகத் தெரிந்தது. ஒரே தடவைதான் என்பதால் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

செய்முறை: 60 மி.லி. போர்பன், ஒரு டீஸ்பூன் சிரப், மூன்று டேஷ் பிட்டர்ஸ். பாட்டிலைக் கவிழ்த்து ஒரு உதறு உதறினால் விழுவதுதான் ஒரு டேஷ். ஐஸ் போடுவதற்கு முன்பே இதைக் கலக்கிவிடுங்கள், இல்லையென்றால் குளிரில் சிரப் கெட்டியாகி அடியில் தங்கி கடைசி மடக்கு பாயசமாகிவிடும். அப்புறம் ஐஸ் போட்டு 30 விநாடி கலக்கி, பெரிய ஒற்றைக் கட்டி ஐஸ் மேல் ஊற்றுங்கள். ஐஸ் கரைந்து நீர்த்துப்போகும் என்பதால் 40 சதவீத போர்பனைவிட 50 சதவீதம் நன்றாக நிற்கிறது. நான் பார்த்தது இரண்டு, மூன்று பிராண்டில்தான். கடைசியில் ஆரஞ்சுத் தோலை வெள்ளைப் பகுதி வராமல் சீவி, கிளாஸுக்கு நேர் மேலே பிடித்துப் பிதுக்குங்கள். விளக்கு வெளிச்சத்தில் எண்ணெய்த் துளிகள் தெறித்து மேலே மெல்லிய படலமாகப் படிவது கண்ணுக்கே தெரியும். இதைச் செய்யாமல் விட்டுவிடாதீர்கள், வாசனையில் பாதி அதில்தான் இருக்கிறது.

நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்குப் பத்துப் பேர் வருகிறார்கள். ஆளுக்கு இரண்டு என்றாலே 20 கிளாஸ், கிட்டத்தட்ட முழு வெர்மூத் பாட்டிலும் அன்றைக்கே தீர்ந்துவிடும். அன்று மட்டும் மன்ஹாட்டன், வெர்மூத்தை முந்தின நாள்தான் வாங்குவேன்.