பெயர் சொல்லாத அறிக்கை: தடயவியல் கணக்காய்வாளர்களோடு சில ஆண்டுகள்

மோசடிச் சந்தேகம் வந்தால் கணக்குகளைத் தோண்டி நீதிமன்றத்துக்கு ஏற்ற ஆதாரம் திரட்டும் தடயவியல் கணக்காய்வாளர்களை அமர்த்தினால் போட்ட காசுக்குப் பலன் உண்டா என்று பினாங்கில் தொழில் செய்யும் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். 2007-இல் டிரான்ஸ்மைல் என்ற மலேசிய விமானச் சரக்கு நிறுவனத்தின் வருமானக் கணக்குகளைச் சிறப்புத் தணிக்கை அம்பலப்படுத்தியது போன்ற பெரிய விவகாரங்களுக்குத்தான் அவர்கள் தேவை என்பது பலருடைய எண்ணம். எங்களுடையதோ பிறையில் கிடங்கும் ஜார்ஜ்டவுனில் அலுவலகமும் வைத்துப் பருப்பு, மிளகாய், புளி விற்கும் குடும்ப வியாபாரம். எங்களுக்கே அவர்கள் தேவைப்பட்டார்கள்.

சந்தேகத்தைக் கிளப்பியவர் எங்கள் பழைய லோரி ஓட்டுநர். "முதலாளி, மாதாமாதம் நாம் வாடகை கொடுக்கிற அந்தக் கம்பெனியின் லோரியை நான் ஒரு நாளும் பார்த்ததில்லையே" என்றார். மோசடி ஆய்வாளர்களின் அனைத்துலகச் சங்கம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையும் 43 விழுக்காட்டு மோசடிகள் இப்படி யாரோ காதில் போட்ட தகவலால்தான் பிடிபட்டன என்கிறது. எங்கள் ஆண்டுத் தணிக்கையில் ஒரு குறையும் எழுதப்படவில்லை. தணிக்கையாளரை நான் திட்டமாட்டேன். அவர் மாதிரிக்குச் சில இன்வாய்ஸ்களை எடுத்துப் பார்ப்பார்; காகிதங்கள் எல்லாம் கச்சிதமாகவே இருந்தன.

வழக்கறிஞர் வழியாகத் தடயவியல் கணக்காய்வாளர் குழு ஒன்றுக்கு நியமனக் கடிதம் கொடுத்தோம். வழக்கை எதிர்பார்த்து வழக்கறிஞருக்காகத் தயாராகும் அறிக்கையை எதிர்த்தரப்பு எளிதில் கேட்டு வாங்க முடியாது என்பது காரணம். கடிதத்தில் "திருடியவர் யார் என்று கண்டுபிடிக்கவும்" என்று அண்ணன் எழுதச் சொன்னார். குழுவின் தலைவி அந்த வரியை அடித்துவிட்டார். "ஐயா, அதை நீதிமன்றம் சொல்லட்டும். எந்தத் தேதியில், எவ்வளவு பணம், யாருடைய ஒப்புதலில், எந்தக் கணக்குக்குப் போனது என்று மட்டும் நாங்கள் சொல்கிறோம்." இதற்கா மணிக்கணக்கில் காசு என்று அண்ணன் அன்று முழுவதும் பொருமிக்கொண்டிருந்தார். நாங்கள் கொடுத்த கட்டணம் முழுவதும் அந்த ஒரு மறுப்புக்கே தகும் என்பதுதான் இன்று என் மதிப்பீடு. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதல் வேலையாகக் கணக்குப் பிரிவின் கணினியை யாரும் தொடக்கூடாது என்றார்கள். வன்தட்டை முழுமையாக நகலெடுத்து, மூலமும் நகலும் ஒன்றே என்று காட்டும் சரிபார்ப்பு எண்ணைக் குறித்துக்கொண்டார்கள். 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு, கணினி தரும் ஆவணத்தைச் சான்றிதழோடு ஏற்க வழிவிடுகிறது. அந்தச் சான்றிதழில் யார் கையெழுத்திடுவது என்பதைக்கூட அன்றே முடிவு செய்துவிட்டார்கள்.

பிறகு இன்வாய்ஸ்கள். எங்கள் நிறுவனத்தில் 5,000 ரிங்கிட்டைத் தாண்டும் செலவுக்கு இருவர் ஒப்புதல் வேண்டும். அந்த லோரிக் கம்பெனியின் இன்வாய்ஸ்கள் 4,800, 4,950 என்று வாசற்படியிலேயே நின்றன. இன்வாய்ஸ் எண்கள் இடைவெளியே இல்லாமல் வரிசையாக ஓடின. அதாவது அந்தக் கம்பெனிக்கு எங்களைத் தவிர வேறு வாடிக்கையாளரே இல்லை. எஸ்எஸ்எம் எனப்படும் நிறுவன ஆணையத்தில் சிறு கட்டணம் கட்டி எடுத்த பதிவு விவரத்தில் இருந்த முகவரி, எங்கள் ஊழியர் ஒருவர் அவசரத் தொடர்புக்காக எழுதிக் கொடுத்திருந்த அதே முகவரி.

இட்டுக்கட்டிய எண்களைக் கண்டுபிடிக்கப் பென்ஃபோர்ட் விதி என்று ஒன்றைப் பெருமையாகக் காட்டினார்கள். இயல்பாகச் சேரும் எண்களில் ஏறக்குறைய 30 விழுக்காடு 1 என்ற இலக்கத்தில் தொடங்குமாம். எங்களைப் போன்ற சின்னக் கணக்குக்கு அது வெறும் அலங்காரம். வழக்கை நிலைநிறுத்தியது நேப்பாளக் காவலாளி எழுதிய கேட் புத்தகம். தைப்பூசத்தன்று துறைமுகத்திலிருந்து சரக்கு வந்திறங்கியதாக இன்வாய்ஸ் இருந்தது. அன்று பினாங்கில் பொது விடுமுறை. கிடங்கு பூட்டிக் கிடந்தது. கேட் புத்தகத்தில் ஒரு லோரி எண்கூட இல்லை.

அவர்களால் முடியாததையும் சொல்ல வேண்டும். அடுத்தவருடைய வங்கிக் கணக்கை அவர்கள் பார்க்க முடியாது. அதற்குக் காவல்துறையோ நீதிமன்ற ஆணையோ வேண்டும். முடியும் என்று எவராவது உங்களிடம் ஆசை காட்டினால் வாசலைக் காட்டி அனுப்பிவிடுங்கள்.

அறிக்கை எங்கும் "மோசடி" என்றோ "குற்றவாளி" என்றோ எழுதவில்லை. அந்தப் பணத்தையெல்லாம் இணைய வங்கியில் இறுதியாக விடுவித்தது அண்ணனுடைய உள்நுழைவுதான் என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தது. அண்ணன் முகம் சுண்டிப்போனது. ஆனால் உள்விசாரணையில் ஊழியர் தரப்பு முதலில் தூக்கிப்போட்ட கேள்வியே அதுதான். பதில் ஏற்கனவே அறிக்கையில் இருந்தது. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி விசாரணைக்காக இரண்டு வாரங்கள் வரை, பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுத்து இடைநீக்கம் செய்யலாம்; அதற்குள் விசாரணையை முடிக்க முடிந்தது. அதன் முடிவில் அந்த ஊழியரைப் பணிநீக்கம் செய்தோம். அதை எதிர்த்து முறையிட 60 நாள் அவகாசம் உண்டு. அவர் முறையிட்டார், பிறகு தாமாகவே திரும்பப் பெற்றுக்கொண்டார். நாங்கள் ஆத்திரத்தில் திருடன் என்று எழுதி வாங்கியிருந்தால், அவதூறு என்று அவர் எங்கள் மேல் பாய்ந்திருப்பார் என்பது எங்கள் வழக்கறிஞரின் கருத்து.

காவல்துறைப் புகாரும் செய்தோம். ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடிக்குக் குற்றவியல் சட்டத்தின் 408-ஆவது பிரிவு. ஓராண்டு முதல் 14 ஆண்டு வரை சிறை, பிரம்படி, அபராதம். விசாரணை அதிகாரி அறிக்கையின் இணைப்புகளை மட்டும் புரட்டினார், முன்னுரையைத் தொடவே இல்லை. அந்த விவகாரம் இன்னும் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. சிவில் வழக்கில் சமரசத் தீர்ப்பு கிடைத்து, ஒரு பகுதிப் பணம் தவணையில் வருகிறது, சில மாதம் வராது.

குறைகள் உண்டு. நிரூபிக்க முடிந்த இழப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கட்டணத்துக்கே போனது. இளநிலை ஊழியர்கள் ஸ்கேன் செய்த நேரத்துக்கும் மணிக்கணக்கில் பில் வந்தது; அந்த வேலையை எங்கள் ஆட்களே செய்திருக்கலாம். இரண்டு பக்கச் சுருக்கம் கேட்டதற்கும் தனியாகக் காசு. பேரம் பேசுவதானால் உச்சவரம்பைக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள், பிறகு பேசினால் எடுபடாது.

பின்னர் ஆண்டுக்கு ஒருமுறை சிறு சோதனைக்கும் அவர்களையே வைத்துக்கொண்டோம். முதல் ஆண்டு பயன் இருந்தது. அடுத்து, சப்ளையர்களின் வங்கி எண், தொலைபேசி, முகவரியை ஊழியர் பட்டியலோடு ஒப்பிடும் அதே வேலைக்கு மறுபடியும் பெரிய தொகை கேட்டார்கள். இப்போது அதை அண்ணன் மகளே எக்செல்லில் செய்துவிடுகிறாள். 2024 ஆகஸ்ட் முதல் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வந்த மின்-இன்வாய்ஸ், அதாவது வருமான வரி வாரியத்தின் கணினி வழியாகச் சரிபார்க்கப்படும் இன்வாய்ஸ், போலிக் கம்பெனிகளைக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் அந்தக் கணினிக்கு லோரி வந்ததா இல்லையா என்று தெரியாது. ஆகவே கேட் புத்தகத்தை ஒவ்வொரு மாத இறுதியிலும் கணக்குப் பிரிவு வாங்கி, இன்வாய்ஸ்களோடு ஒத்துப் பார்த்த பிறகே லோரி வாடகைக்குப் பணம் போகிறது.