சேற்றிலும் தண்ணீரிலும் பதினோரு வருடம் கட்டிய வாட்ச்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்கு நெல் வயல். வருடத்தில் பாதி நாள் கை தண்ணீரிலோ சேற்றிலோதான் இருக்கும், மீதி நாள் வியர்வையில். இந்தக் கைக்கு 2013-இல் கேசியோ எஃப்-91டபிள்யூ ஒன்று வாங்கினேன். 2021-இல் அதே கேசியோவில் டபிள்யூ-800ஹெச். இரண்டும் இன்றும் ஓடுகின்றன. விலை குறைவாக, தண்ணீருக்குப் பயப்படாத ஒரு வாட்ச் தேடுகிறவர்களுக்கு என் அனுபவம் உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது வாட்ச் எதற்கு என்று கேட்பார்கள். சேற்றுக் கையோடு போனை எடுத்துப் பாருங்கள், தெரியும். நடவு நாளில் போன் வீட்டில்தான் இருக்கும்.

அப்பா ஹெச்எம்டி ஜனதா கட்டியிருந்தார். காலையில் சாவி கொடுப்பார், வயலுக்குள் இறங்கும் முன் கழற்றித் துண்டில் சுற்றி வரப்பில் வைப்பார். அது தண்ணீருக்காகச் செய்த வாட்ச் அல்ல, அவரும் அதை அப்படி நடத்தவில்லை. அதனால்தான் இன்றும் ஓடுகிறது. எனக்கு வேண்டியிருந்தது கழற்றவே தேவையில்லாத வாட்ச். முதலில் ஒரு முள் வாட்ச் வாங்கினேன், முகத்திலேயே வாட்டர் ரெசிஸ்டன்ட் என்று எழுதியிருந்தது. ஒருநாள் ஈரக் கையோடு வாட்ச்சின் ஓரத்துத் திருகுக் குமிழை இழுத்து மணி திருத்தினேன், அதை முழுதாக உள்ளே அழுத்தவில்லை. அந்த நடவு முடிவதற்குள் கண்ணாடிக்குள் வியர்த்து, முள் நின்றுவிட்டது. திருகு வெளியே இழுத்த நிலையில் இருந்தால் எந்த வாட்ச்சுக்கும் தண்ணீர்க் காப்பு கிடையாது. திருகே இல்லாத டிஜிட்டல் பக்கம் நான் போனதற்கு அதுதான் காரணம்.

எஃப்-91டபிள்யூ 1989-இல் வந்த மாடல். ரியூசுகே மொரியாய் என்பவர் கேசியோவில் செய்த முதல் வடிவமைப்பு அதுதான். எடை 21 கிராம், கனம் எட்டரை மில்லிமீட்டர். கையில் இருப்பதே தெரியாது. நான் வாங்கியபோது எண்ணூற்றுச் சொச்சம் ரூபாய். வலது பக்கப் பட்டனை மூன்று நொடி அழுத்திப் பிடித்தால் திரையில் கேசியோ என்ற பெயர் வரும். அசலா என்று பார்க்க அதைச் சொல்வார்கள். இப்போது போலிகளிலும் அதே எழுத்து வருகிறது, ஆகவே தெரிந்த கடையில் பில்லோடு வாங்குவதுதான் நல்லது.

இதில் நான் அதிகம் பயன்படுத்தியது அலாரம். மும்முனை மின்சாரம் இரவில் வரும் நாட்களில் இரண்டு மணிக்கு எழுந்து மோட்டார் போட வேண்டும். அலாரம் 20 நொடிதான் ஒலிக்கும், சத்தமும் மெல்லியது. வாட்ச்சைக் கழற்றி ஒரு எவர்சில்வர் டம்ளருக்குள் போட்டுத் தலைமாட்டில் வைத்துவிடுவேன். டம்ளர் சேர்ந்து அதிர்வதில் வீடே எழுந்துவிடும். இருட்டில் மணி பார்க்க இடது ஓரத்தில் ஒரே ஒரு சின்ன பச்சை எல்இடி. மணி தெரியும், வலது ஓரத்து நொடி மங்கல். மோட்டார் கொட்டகைக்குப் போக அது போதும்.

பிப்ரவரிக்கு எப்போதும் 28 நாள் என்றுதான் இதற்குத் தெரியும். 2016-லும் 2020-லும் 29-ஆம் தேதியை நானே திருத்தினேன். மாதத்துக்கு 30 நொடி வரை முன்பின் ஆகலாம் என்பது நிறுவனம் சொல்லும் கணக்கு. என்னுடையது பத்துப் பன்னிரண்டு நொடி முன்னால் ஓடும். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சரிசெய்வேன். ஒரு சித்திரை வெயிலில் வண்டியின் டேங்க் மேல் வைத்து மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது திரை முழுக்கக் கறுப்பு, ஓர் எண்கூடத் தெரியவில்லை. போச்சு என்றே நினைத்தேன். நிழலில் கால் மணி நேரம் வைத்ததும் எண்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. எல்சிடி திரை அதிக சூட்டில் அப்படித்தான் கறுக்கும், ஆறினால் சரியாகிவிடும்.

அப்புறம் தண்ணீர். இதன் பின்மூடியில் வாட்டர் ரெசிஸ்ட் என்று மட்டும்தான் இருக்கும், எத்தனை மீட்டர் ஆழத்து அழுத்தம் தாங்கும் என்ற கணக்கு இருக்காது. மழை, கை கழுவுவது, தெறிக்கும் தண்ணீர் இவற்றுக்கு மட்டும் தாங்கும் என்று அதற்கு அர்த்தம். நான் அதைவிட அதிகமாகவே சோதித்தேன். பம்ப்செட் தொட்டியில் குளியல், பாமணி ஆற்றில் தண்ணீர் வந்தால் முங்கல், எல்லாம் அதோடுதான். ஏழு வருடம் ஒன்றும் ஆகவில்லை.

2020-இல் செல் தீர்ந்தது. சிஆர்2016 செல், ஏழு வருடம் வரும் என்று நிறுவனம் சொன்னபடியே வந்தது. டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். ஐந்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். அன்று இரவு அலாரம் அடிக்கவில்லை, நான் எழவில்லை, மோட்டார் ஓடவில்லை. அலாரத்தை வைக்க மறந்திருப்பேன் என்று மறுநாளும் வைத்தேன், மறுநாளும் சத்தமில்லை. அதே வாரம் தொட்டியில் குளித்துவிட்டு ஏறியபோது கண்ணாடியின் மேல் மூலையில், உள்பக்கம், நகக்கண் அளவுக்கு ஒரு பனிப்படலம். மத்தியானம் காணோம். மறுநாள் காலை மறுபடியும் அதே இடத்தில்.

பழைய பேருந்து நிலையம் பக்கம் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். நாலு பொடி ஸ்க்ரூவையும் எடுத்துப் பின்மூடியைத் தூக்கி, கண்ணில் மாட்டிய லென்ஸோடு பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். மூடியைச் சுற்றி ஓடும் ரப்பர் வளையம் தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். ஒரு மூலையில் அது தன் பள்ளத்தை விட்டு விலகி, மூடிக்கும் உடலுக்கும் நடுவே கடிபட்டுத் தட்டையாகிக் கிடந்தது. தண்ணீருக்கு வழி அதுதான். அடுத்து ஒரு காலித் துளையைக் காட்டினார். அதில் எள் அளவு ஒரு ஸ்பிரிங் இருக்க வேண்டுமாம். அலாரத்தின் சத்தம் வருவதே பின்மூடியில் ஒட்டியிருக்கும் தகட்டிலிருந்துதான். அந்தத் தகட்டுக்குக் கரண்டை எடுத்துப் போவது அந்த ஸ்பிரிங். மூடியைத் திறந்தபோது அது எங்கோ விழுந்திருக்கிறது, யாரும் கவனிக்கவில்லை.

பெரியவர் பழைய வாட்ச் ஒன்றிலிருந்து ஸ்பிரிங் எடுத்துப் போட்டார், புது வளையத்தில் சிலிக்கான் கிரீஸ் தடவி உட்கார வைத்தார், ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றி முடுக்கினார். எண்பது ரூபாய் வாங்கினார். வாட்ச்சின் தண்ணீர்க் காப்பு மொத்தமும் அந்த வளையத்தில்தான் இருக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். செல் மாற்றப் போனால் பக்கத்திலேயே நில்லுங்கள், வளையத்தைக் காட்டச் சொல்லுங்கள். நசுங்கியோ காய்ந்தோ இருந்தால் புதிது போடச் சொல்லுங்கள். வாசலின் தடவ விடாதீர்கள், பெட்ரோலிய எண்ணெயில் சில வகை ரப்பர் ஊறி உப்பிவிடும்.

வாட்ச் சரியாகிவிட்டது. ஆனால் மீட்டர் கணக்கே எழுதாத வாட்ச்சை ஆற்றில் முக்குவது என் தப்பு என்பதும் புரிந்துவிட்டது. 30 மீட்டர் என்று எழுதியிருந்தாலும் 30 மீட்டர் ஆழம் போகலாம் என்று அர்த்தமில்லை, மழைக்கும் கை கழுவவும்தான். அந்த அழுத்தத்தில் புது வாட்ச்சைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவே. நீந்துவதற்கு 50 மீட்டராவது வேண்டும். ஆறு, குளம், கிணறு என்று தினமும் இறங்குகிறவர்கள் 100 மீட்டரே வாங்கிவிடுங்கள். வளையம் வருடா வருடம் காய்ந்துகொண்டே வரும், அந்தக் கூடுதல் பலம் அப்போது கைகொடுக்கும்.

அப்படித்தான் டபிள்யூ-800ஹெச் வாங்கினேன், 2,000 ரூபாய்க்குள். 100 மீட்டர், செல் பத்து வருடம். எண்கள் பெரியவை, கண்ணாடி போடாமலே எனக்குத் தெரிகிறது. லீப் வருடத்தை அதுவே பார்த்துக்கொள்ளும், 2024-இல் நான் எதையும் தொடவில்லை. கனம் கூடுதல், முழுக்கைச் சட்டையின் கைக்குள் சட்டென்று நுழையாது. கேசியோவிலேயே 200 மீட்டர் எழுதிய ஜி-ஷாக் வாட்ச்சையும் பார்த்தேன். நல்ல பொருள்தான், ஆனால் விலை பல மடங்கு, என் வேலைக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. ஸ்மார்ட் வாட்ச்சை அடிக்கடி சார்ஜ் போட வேண்டும் என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை.

சில பழக்கங்கள் உதவுகின்றன. தண்ணீருக்குள் பட்டனை அழுத்துவதில்லை. மார்கழியில் வெந்நீர்க் குளியல் என்றால் கழற்றி வைத்துவிடுவேன், தண்ணீர் நுழைய முடியாத இடத்திலும் ஆவி நுழைந்துவிடும். மருந்து தெளிக்கும் நாளிலும் கொசு மருந்து பூசும்போதும் கையில் வாட்ச் இருக்காது, அவை பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். வண்டல் காய்ந்தால் பட்டன் இறுகும், அதனால் கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுவேன். வெயிலிலும் வியர்வையிலும் வார் நாலைந்து வருடத்தில் கொக்கித் துளைப் பக்கம் விரியத்தான் செய்யும். இரண்டு வாட்ச்சுக்கும் 18 மில்லிமீட்டர் வார்தான், மாற்றிக்கொள்ளலாம். பிளாஸ்டிக் கண்ணாடியில் விழும் கீறலை வெள்ளைப் பற்பசையும் பழைய பருத்தித் துணியும் பாதிக்கு மேல் எடுத்துவிடும்.

எஃப்-91டபிள்யூ இப்போது மகள் கையில். பள்ளிக்கூடம், டியூஷன், மழை, அவ்வளவுதான் அதன் வேலை. ஆற்றுக்கு வந்தால் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவாள். நான் அதைத் துண்டில் சுற்றிக் கரையில் வைத்துவிட்டு, என்னுடையதைக் கட்டிக்கொண்டே குதிப்பேன்.