ராமநாதனுக்கு 4 ‘ஏ’ வேண்டும்

சிங்கப்பூரின் பிராஸ் பாசா காம்பிளெக்ஸில் உள்ள ஒரு எழுதுபொருள் கடையில், உரசி ஒட்டும் எழுத்துத்தாள்கள் இன்னும் கிடைக்கின்றன. பழைய சரக்கு, தாள் ஒன்று 6 வெள்ளி. இரண்டு வாங்கினேன். ஒன்று அருமை, மற்றது குப்பை.

எண்பதுகளில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஓர் அச்சகத்தில் பக்கங்களுக்கு எழுத்தும் படமும் ஒட்டி அமைக்கும் ஒட்டு வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இவற்றின் மேல் பாசம் உண்டு. ஆனாலும் காசு கொடுத்து வாங்குகிற பொருளைப் பாசத்தை வைத்து மதிப்பிட முடியாது.

முதலில் நல்ல தாள். ஹெல்வெட்டிகா மீடியம் என்ற ஆங்கில எழுத்துரு, 36 புள்ளி அளவு. எழுத்தைக் காகிதத்தில் பொருத்தி, மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் மேலிருந்து கீழாக உரச வேண்டும். பிளாஸ்டிக் தாள் சற்றே இழுபடும். அடியில் ஒட்டியிருக்கும் மை எழுத்து விடுபடும். கன்னங்கரேலென்றிருந்த எழுத்து அந்த நேரத்தில் சாம்பல் நிறமாக வெளுக்கும். முழுதாக வெளுத்த பிறகே தாளைத் தூக்க வேண்டும். அவசரப்பட்டால் பாதி எழுத்து தாளோடு போய்விடும். கடைசியாக, கூடவே வரும் வழவழப்பான காகிதத்தை மேலே வைத்து இன்னொரு முறை அழுத்தித் தேய்த்தால் எழுத்து அசையாது. இந்தத் தாளில் விளிம்புகள் இன்றைக்கும் கத்தியால் வெட்டியதைப் போலக் கூர்மை.

லண்டனில் 1959இல் தொடங்கிய லெட்ராசெட் நிறுவனம் முதலில் நனைத்து ஒட்டும் எழுத்துகளைத்தான் விற்றது. 1961இல் உரசி ஒட்டுவது வந்ததும், எழுத்து ஓவியரிடம் காத்திருந்த தலைப்பு வேலைகள் எங்களைப் போன்ற ஒட்டு வேலைக்காரர்களின் மேசைகளுக்கு வந்துவிட்டன. காம்பாக்டா, கவுண்ட்டவுன் போன்ற எழுத்துருக்களை அந்த நிறுவனமே உருவாக்கி வெளியிட்டது. இன்று கணினியில் இடம் நிரப்பப் போடும் ‘லோரம் இப்சம்’ என்ற பொருளில்லாத வாசகம் பரவியதற்கும் அந்தத் தாள்கள் ஒரு காரணம். 1985இல் கணினியில் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளும் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும் வந்தன. பிறகு இவற்றை யார் கேட்பார்கள்?

தாள்களை ஆங்கிலத்துக்கென்றே அளந்து அச்சிட்டிருப்பார்கள். ‘ஈ’ தாராளமாக இருக்கும். நம் பெயர்களோ ‘ஏ’யைத் தின்று தீர்ப்பவை. ராமநாதன் என்று ஆங்கிலத்தில் எழுதினால் 4 ‘ஏ’, அண்ணாமலைக்கும் 4. இருவருக்கும் ‘ஈ’ ஒன்றுகூட வேண்டாம். கல்யாணப் பத்திரிகைக் காலம் முடிந்ததும் மூலையில் ‘ஈ’ மட்டும் மிஞ்சிய தாள்கள் குவிந்து கிடக்கும். பெரிய எழுத்தில் ‘ஏ’ தீர்ந்துவிட்டால் ‘வி’யைக் கவிழ்த்து நடுவில் ஒரு கோட்டுத் துண்டை ஒட்டுவோம்; ஹெல்வெட்டிகாவில் எளிதில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். தமிழ்த் தலைப்பை நான் தூரிகையால் எழுதுவேன். பக்கத்தில் ஒட்டிய ஆங்கிலத்தின் தடிப்புக்கு அது ஈடுகொடுக்க வேண்டுமே, அதுதான் உண்மையான வேலை. இடைவெளியைக் கண்ணாலேயே அளக்கப் பழகியதும் அப்போதுதான். கணினியிலேயே பழகிய என் மருமகள் இந்தத் தாளை ஒருநாள் உரசிப் பார்த்தாள். எழுத்துகளுக்கு நடுவே எவ்வளவு வெள்ளை விடுவதென்று அன்றைக்குத்தான் யோசித்தாளாம்.

இரண்டாவது தாளில் பசை காய்ந்துவிட்டது. உரசினால் எழுத்து மயிரிழை மயிரிழையாக வெடிக்கிறது, ‘ஓ’க்களின் வயிறு உதிர்கிறது. தாள்களைப் படுக்கையாக வைக்காமல் வெயில்படும் அலமாரியில் நிறுத்தி வைத்தால் வேறென்ன ஆகும்? தேய்ந்துபோன பழைய அச்சு போல வேண்டுமென்று கேட்கும் இளைஞர்களுக்கு ஒருவேளை அதுவே பிடிக்கலாம். எனக்கு வேண்டாம்.

வாங்குவதானால் கடைக்காரரிடம் உறையைத் திறக்கச் சொல்லுங்கள். ஓரத்தில் இருக்கும் ஒரு காற்புள்ளியைப் பில் தாளின் பின்பக்கத்தில் உரசிப் பாருங்கள். முழுதாக இறங்கினால் 6 வெள்ளி தகும். திறக்கவே கூடாது என்றால் 2 வெள்ளிக்கு மேல் கொடுக்காதீர்கள்.