டாம் கிராடிக்கின் அரை நூற்றாண்டைத் தேடிப் படிக்க: டெக்சாஸ் சட்டமன்ற நூலகத் தளம் எப்படி?

டெக்சாஸ் மாநிலப் பிரதிநிதிகள் சபைக்கு மிட்லண்டிலிருந்து 1968-ல் முதல்முறை தேர்வானபோது டாம் கிராடிக்குக்கு வயது 25. 150 பேர் கொண்ட அந்தச் சபையில் குடியரசுக் கட்சிக்காரர்கள் அப்போது பத்துப் பேர்கூட இல்லை. 2025 கூட்டத்தொடரிலும் அவர் உறுப்பினர். அந்த மாநிலச் சட்டமன்ற வரலாற்றில் அவரளவு நீண்ட காலம் இருந்தவர் வேறு யாருமில்லை. இப்படி ஒரு பழமைவாத அரசியல்வாதியைக் கட்சிக்காரர்களின் புகழுரையும் எதிரணியின் வசையும் இல்லாமல் மூலப் பதிவுகளில் படிக்க இரண்டு அரசுச் சேவைகள் உள்ளன. ஒன்று, ஆஸ்டின் தலைமைச் சட்டமன்றக் கட்டடத்தில் இயங்கும் டெக்சாஸ் சட்டமன்ற நூலகத்தின் தளம். மற்றது ‘டெக்சாஸ் லெஜிஸ்லேச்சர் ஆன்லைன்’ என்ற மசோதாத் தளம். இரண்டுக்கும் கட்டணமில்லை, படிப்பதற்குப் பதிவு செய்யவும் தேவையில்லை. மசோதா நகரும்போது மின்னஞ்சல் வர வேண்டுமென்றால் மட்டும் மசோதாத் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று திறக்க வேண்டும்.

நூலகத் தளத்தில் தொடங்குவதுதான் சரி. உறுப்பினர்கள் பகுதியில் பெயரைக் கொடுத்தால் ஒரே பக்கம் திறக்கும்: எந்தெந்தக் கூட்டத்தொடரில் இருந்தார், எந்தத் தொகுதி எண், எந்தக் கட்சி, எந்தக் குழுக்கள், எதற்குத் தலைவர் என்று வரிசையாக வரும். தொகுதி எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். மறுவரையறை நடக்கும்போதெல்லாம் எண் மாறும், ஊர் மாறாது. கிராடிக்கின் தொகுதி இப்போது 82. பழைய கூட்டத்தொடர்களில் வேறு எண்கள் இருக்கும். ஆகவே எண்ணை வைத்துத் தேடாமல் பெயரையோ மாவட்டத்தையோ வைத்துத் தேடுங்கள்.

இந்தப் பக்கத்தின் உயிர் குழுப் பட்டியல்தான். 1975-க்கு நேரே இயற்கை வளக் குழுவின் தலைவர் என்று ஒரே ஒரு வரி இருக்கும். ஜனநாயகக் கட்சி ஆண்ட சபையில் நூறாண்டுக்கு மேலான இடைவெளிக்குப் பிறகு குழுத் தலைவரான முதல் குடியரசுக் கட்சிக்காரர் அவர் என்பது அந்த வரியின் பொருள். அந்த விளக்கத்தைத் தளம் தராது, வெறும் பதவிப் பெயரைத்தான் தரும். கட்சிவாரி எண்ணிக்கை அட்டவணையும் அதே தளத்தில் தனியாக இருப்பதால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் தானாகப் புலப்படும். 1990-களில் வரிக் குழுவின் தலைமை, பிறகு 2003-ல் சபாநாயகர் பதவி. அந்த ஆண்டு சபையில் குடியரசுக் கட்சிக்கு 88 இடங்கள், எதிரணிக்கு 62. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்துக்குப் பின் அந்தக் கட்சியிலிருந்து வந்த முதல் சபாநாயகர் கிராடிக்.

பலரும் ஏமாறுகிற இடம் இதுதான். 2003 முதல் 2009 தொடக்கம் வரை, அவர் செல்வாக்கின் உச்சியில் இருந்த மூன்று வழக்கமான கூட்டத்தொடர்களில், மசோதாத் தளத்தில் ‘ஆத்தர்’ (மசோதாவைக் கொண்டுவந்தவர்) என்று அவர் பெயரைப் போட்டுத் தேடினால் கையில் கிடைப்பது மிகச் சொற்பம். தளத்தில் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். கோளாறில்லை. டெக்சாஸில் சபாநாயகர் வழக்கமாகத் தன் பெயரில் மசோதா கொண்டுவருவதில்லை, பெரும்பாலான வாக்கெடுப்புகளில் வாக்களிப்பதுமில்லை. அவருடைய காலத்தின் இரண்டு பெரிய சட்டங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவ அலட்சிய வழக்குகளில் பொருளாதாரம் சாராத இழப்பீட்டுக்கு உச்சவரம்பு போட்ட எச்.பி. 4 (எச்.பி. என்றால் பிரதிநிதிகள் சபை மசோதா) உறுப்பினர் ஜோ நிக்சன் பெயரில் இருக்கும். அமெரிக்க நாடாளுமன்றத் தொகுதிகளை இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளுக்கு இடையிலேயே மாற்றி வரைந்த எச்.பி. 3 உறுப்பினர் ஃபில் கிங் பெயரில் இருக்கும். பின்னதைத் தேடும்போது இன்னொரு வழுக்கலும் உண்டு. அது 2003-ன் வழக்கமான 140 நாள் கூட்டத்தொடரில் நிறைவேறவில்லை, மூன்றாவது சிறப்புக் கூட்டத்தொடரில்தான் நிறைவேறியது. கூட்டத்தொடர் பெட்டியில் ‘78(ஆர்)’ (78-வது சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர்) என்பதை விட்டுவிட்டு ‘78(3)’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு சிறப்புக் கூட்டத்தொடரிலும் எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவதால், தவறான பெட்டியில் எச்.பி. 3 என்று போட்டால் சம்பந்தமே இல்லாத மசோதா ஒன்று வந்து நிற்கும்.

அப்படியானால் சபாநாயகரின் அதிகாரத்தை எங்கே படிப்பது? திரும்பவும் குழுப் பட்டியலில்தான், ஆனால் இந்தமுறை மற்றவர்களின் பெயர்களில். குழுத் தலைவர்களை நியமிப்பவர் சபாநாயகர். நிதி ஒதுக்கீட்டுக் குழுவை மட்டும் அடுத்தடுத்து நான்கு கூட்டத்தொடர்களுக்குத் திறந்து பாருங்கள். 78-ல் (2003) டால்மேட்ஜ் ஹெஃப்லின், 79-ல் (2005) ஜிம் பிட்ஸ், 80-ல் (2007) வாரன் சிஸம், 81-ல் (2009) மறுபடியும் ஜிம் பிட்ஸ். 2007 ஜனவரியில் சபாநாயகர் பதவிக்குக் கிராடிக்கை எதிர்த்து நின்றவர் இந்த பிட்ஸ். முடிவில் போட்டியிலிருந்து விலகினார், தலைவர் பதவி போனது. 2009-ல் ஜோ ஸ்ட்ராஸ் சபாநாயகரானதும் பதவி திரும்பக் கிடைத்தது. அந்த உட்கட்சிச் சண்டை நான்கு வரிகளில் அடங்கிவிடுகிறது. அதே காலத்துத் துணைச் சபாநாயகர் வரியில் ஹூஸ்டன் ஜனநாயகக் கட்சிக்காரர் சில்வெஸ்டர் டர்னர் பெயர் இருப்பதையும் கவனியுங்கள். கிராடிக் எதிரணியில் ஆள் சேர்த்துத்தான் சபையை நடத்தினார் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று வேண்டியதில்லை.

சபையின் அன்றாடப் பதிவேடான ஜர்னலைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். வாக்கெடுப்பு எண்ணுக்குக் கீழே ஆதரித்தோர் பெயர்கள், எதிர்த்தோர் பெயர்கள், அதற்கும் கீழே ‘வந்திருந்தும் வாக்களிக்காதோர்’ என்று ஒரு வரி வரும். அவர் சபாநாயகராக இருந்த ஆண்டுகளில் அந்த வரியில் ‘மிஸ்டர் ஸ்பீக்கர்’ என்று இருந்தால் அது கிராடிக். அங்கே அவர் பெயர் இராது, அதனால் பி.டி.எஃப்.-ல் ‘கிராடிக்’ என்று தேடினால் அகப்படமாட்டார். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘சி’ என்ற எழுத்து இருந்தால் அந்த நேரத்தில் ஆசனத்தில் இருந்தவர் அவரே. வேறொருவர் தலைமை தாங்கிய நேரத்தில் ‘சி’ அந்த உறுப்பினரின் பெயருக்குப் போய்விடும். பட்டியலுக்கு அடியில் வரும் ‘வாக்கு பற்றிய அறிக்கை’களையும் தவறவிடாதீர்கள். “ஆம் என்று பதிவாகியிருக்கிறது, இல்லை என்று வாக்களிக்கவே நினைத்தேன்” என்று உறுப்பினர்கள் எழுதிக் கொடுப்பது அங்கேதான் அச்சாகும். எண்ணிக்கை மாறாது. ஆனால் மறுதேர்தலில் எதைக் காட்டப் போகிறார்கள் என்பது அதில் தெரியும்.

பழைய வாக்குகளைத் தேடுவோர் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு வருடம் 2007. அந்த நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகுதான், உள்ளூர் மசோதாக்கள் நீங்கலாக, இறுதி நிறைவேற்றத்துக்குப் பெயர்வாரி வாக்கெடுப்பு கட்டாயமானது. அதற்கு முன் ஏராளமான மசோதாக்கள் குரல் வாக்கில் போயின. யார் எந்தப் பக்கம் என்று பதிவே இல்லை. 1970-களிலோ 80-களிலோ கிராடிக் ஒரு மசோதாவுக்கு எப்படி வாக்களித்தார் என்று தேடி எதுவும் கிடைக்கவில்லையென்றால், பெரும்பாலும் காரணம் இதுதான். தவிர, உறுப்பினர்வாரியாக வாக்குகளைத் திரட்டித் தரும் வசதி இரண்டு தளங்களிலும் கிடையாது. ஒவ்வொரு வாக்கெடுப்பையும் ஜர்னலில் கையால்தான் எடுக்க வேண்டும். இவ்வளவு நல்ல சேவையில் இது பெரிய ஓட்டை.

ஜர்னலால் பிடிக்க முடியாத நாட்களும் உண்டு. 2003 மே மாதம் மறுவரையறையைத் தடுக்க ஐம்பதுக்கு மேற்பட்ட ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் ஒக்லஹோமாவின் ஆர்ட்மோருக்குப் போய்விட்டார்கள். சபை கூட மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 100 பேர் வேண்டும். ஜர்னல் சொல்வதெல்லாம் வருகை போதவில்லை என்பது மட்டுமே. 2007 மே 25 இரவு சபாநாயகரை நீக்கும் தீர்மானத்துக்கு இடம் கேட்டு உறுப்பினர்கள் எழுந்தபோது, அவர்களை அங்கீகரிக்காமல் இருக்கத் தனக்கு முழு அதிகாரம் உண்டு என்றார் கிராடிக். சபை நடைமுறை ஆலோசகர் டெனிஸ் டேவிஸ் பதவி விலகினார், டெரி கீல் அந்த இடத்துக்கு வந்தார். இதைப் படித்துப் புரிந்துகொள்ள ஜர்னல் போதாது. விவாதத்தைச் சொல்லுக்குச் சொல் பதியும் ஆவணம் அல்ல அது. காணொளிப் பதிவும் அந்நாள் செய்தித்தாள்களும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சபாநாயகர் பதவி போன பிறகுதான் மசோதாத் தளம் கிராடிக் விஷயத்தில் முழுப் பலனைத் தருகிறது. வண்டி ஓட்டும்போது குறுஞ்செய்தி அனுப்புவதைத் தடை செய்யும் மசோதாவை அவர் விடாமல் கொண்டுவந்தார். தனிமனித விருப்பத்தில் அரசு தலையிடக் கூடாது என்று பேசும் கட்சிக்குள்ளிருந்தே, அதே கட்சி ஆளுநரின் வீட்டோவையும் தாண்டி வந்த முயற்சி இது. தேடலுக்கு இது நல்ல பயிற்சியும்கூட. 2011-ல் அவருடைய எச்.பி. 243-ஐ மட்டும் பார்த்தால் கதை பாதியில் நின்றுவிடும். அந்தத் தடை எச்.பி. 242-க்குள் திருத்தமாக நுழைந்து ஆளுநர் மேஜைவரை போனது. எச்.பி. 242-ன் மையப் பொருளோ, ஓய்வுபெற்ற காவலர்கள் துப்பாக்கி வைத்திருப்பது பற்றியது! தலைப்பை வைத்துத் தேடுபவர் இதை ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது. ‘அமெண்ட்மெண்ட்ஸ்’ பகுதியையும் வெவ்வேறு கட்ட வாசகங்களையும் திறந்து பார்க்க வேண்டும்: தாக்கலானது, குழு அறிக்கை, சபை கடந்தது, இறுதி வடிவம் என்று தனித்தனியாக இருக்கும். அப்போதைய ஆளுநர் ரிக் பெர்ரி அதை வீட்டோ செய்தார். அவருடைய வீட்டோ அறிக்கை நூலகத் தளத்தின் வீட்டோப் பகுதியில் படமாகவே கிடைக்கிறது. 2013-ல் எச்.பி. 63, 2015-ல் எச்.பி. 80 இரண்டும் பிரதிநிதிகள் சபையைத் தாண்டி செனட்டில் நின்றுபோயின. 2017-ல் எச்.பி. 62, செனட்டில் ஜனநாயகக் கட்சியின் ஜூடித் ஸாஃபிரினி பொறுப்பெடுக்க, நிறைவேறியது. ஆளுநர் கிரெக் அபட் கையெழுத்திட்டார், செப்டம்பர் 1 முதல் அமலானது. முதல் தடவை அபராதம் 25 முதல் 99 டாலர், மறுபடி செய்தால் 100 முதல் 200 டாலர்.

இங்கே ‘ஆத்தர்’, ‘கோ-ஆத்தர்’, ‘ஸ்பான்சர்’ மூன்றையும் கலந்து எண்ணிவிடக் கூடாது. ஆத்தர் என்பவர் மசோதாவைத் தன் சபையில் கொண்டுவந்தவர். ஸ்பான்சர் என்பவர் மறு சபையிலிருந்து வந்த மசோதாவைத் தன் சபையில் நடத்திச் செல்பவர். கோ-ஆத்தர் என்பது ஆத்தரின் சம்மதத்தோடு பெயர் சேர்ப்பது, அவ்வளவே. மூன்றையும் கூட்டி “இத்தனை மசோதா கொண்டுவந்தார்” என்று எழுதும் வாழ்க்கைக் குறிப்புகளை நம்ப வேண்டாம்.

மசோதாத் தளம் 1989-ல் கூடிய 71-வது சட்டமன்றத்தில் தொடங்குகிறது. கிராடிக்கின் முதல் இருபது ஆண்டுகள் அதில் இல்லை. அவற்றுக்கு நூலகத் தளத்தின் ஸ்கேன் செய்த மசோதாக் கோப்புகள்தான் கதி. தட்டச்சுத் தாள், கைத்திருத்தம், முத்திரை எல்லாம் அப்படியே படமாக இருக்கும். கோப்பின் உள்ளே சொல் தேடலை நம்ப முடியாது, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான்.

பணக் கணக்கு இந்த இரண்டு தளங்களிலும் வராது. அது டெக்சாஸ் நெறிமுறை ஆணையத்தின் தளத்தில் உள்ளது. ஆணையமே 1991-ல் உருவானது, ஆகவே அதற்கு முந்தைய தேர்தல்களை அங்கே தேட வேண்டாம். சட்டமன்ற வேட்பாளருக்குத் தனிநபர் எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு டெக்சாஸில் உச்சவரம்பு இல்லை. ஆனால் வழக்கமான கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முப்பது நாள் முன்பிருந்து அது முடிந்த இருபதாம் நாள்வரை உறுப்பினர்கள் நன்கொடை வாங்கக் கூடாது. அதனால் ஒற்றைப்படை ஆண்டின் ஜூலை அறிக்கையில் நன்கொடை முழுவதும் ஜூன் கடைசி நாட்களில் குவிந்திருக்கும். அரையாண்டு மொத்தத்தை மட்டும் பார்க்காமல் ஒவ்வொரு நன்கொடைக்கும் எதிரே உள்ள தேதியைப் பாருங்கள்.