யூஎஸ்பி குச்சியும் லேசர் பெட்டியும்: நிஜ ரேண்டம் எண்களோடு சில வருடங்கள்

ரேண்டம் எண் தரும் கருவி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கலாமா என்று யாராவது கேட்டால், என் பதில் பெரும்பாலும் வேண்டாம் என்பதுதான். ஆனால் நானே வீட்டில் ஒரு யூஎஸ்பி குச்சியும் வேலையிடத்து ஆய்வகத்தில் ஒரு லேசர் பெட்டியும் வைத்துக்கொண்டு சில வருடங்களாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் விட்டுவிடும் எண்ணமும் இல்லை. ஏன் என்று கேட்டால் கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும்.

நிரல் எழுதி வாங்கும் ரேண்டம் எண் ஒரு சூத்திரத்திலிருந்து வருவது. சூத்திரம் எந்த எண்ணிலிருந்து தொடங்கியதோ அந்த ஆரம்ப விதை தெரிந்தவருக்கு அடுத்தடுத்த எண்கள் எல்லாம் தெரியும். ரேண்டம் எண்களைக் கொட்டி விடையைத் தோராயமாகக் காணும் மான்டி கார்லோ கணக்குகளுக்கு இது உண்மையில் வசதி. அதே விதையைக் கொடுத்தால் அதே விடை திரும்பவும் வரும், பிழை தேடுவது சுலபம். சிக்கல் ரகசியச் சாவி உருவாக்கும்போதுதான். டெபியன் லினக்ஸில் 2006-இல் சாவிகளை உருவாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் செய்த ஒரு சின்ன மாற்றத்தால், விதையில் கடைசியில் மிஞ்சியது, ஓடும் நிரலுக்குக் கணினி தரும் ப்ராசஸ் எண் மட்டும்தான். ஒவ்வொரு வகைச் சாவியிலும் இருக்கக்கூடியவை சுமார் 32,000 என்று சுருங்கிப்போயின. ஒரு சாதாரணக் கணினியே அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும். 2008 மே மாதம்தான் விஷயம் வெளியே வந்தது. அதுவரை அந்தச் சாவிகள் பார்ப்பதற்கு மற்ற சாவிகள் மாதிரியேதான் இருந்தன.

என் குச்சி அவலாஞ்ச் இரைச்சல் வகை. இங்கே இரைச்சல் என்பது சத்தம் அல்ல, கணிக்க முடியாத ஏற்ற இறக்கம். ஒரு டிரான்சிஸ்டரின் சந்தியில் எதிர்த்திசையில் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று மோதிக் கிளப்பிச் சரிந்து ஓடும். அந்த ஓட்டம் ஒருபோதும் சீராக இருக்காது. அதைப் பெருக்கி, அளந்து, பிட்டுகளாக மாற்றித் தருகிறது குச்சி. வேகம் குறைவு, ஆனால் சாவிக்கு வேண்டியது சில நூறு பிட்டுகள்தானே.

இதை நான் வாங்கியது கீபோர்டோ மானிட்டரோ இல்லாத சின்ன போர்டுகளுக்காக. தூரத்திலிருந்து பாதுகாப்பாக உள்ளே நுழைய முதல் பூட்டிலேயே எஸ்எஸ்எச் சாவி போட வேண்டும், ஆனால் அந்த நேரத்தில் போர்டுக்குள் திரட்டிக்கொள்ளும்படி பெரிய இரைச்சல் எதுவும் இருக்காது. மெயிலையும் கோப்பையும் பூட்டும் ஜிபிஜி சாவி போடும்போது மவுஸை ஆட்டு, ஏதாவது டைப் செய் என்று கணினி கெஞ்சியது பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. 2020-இல் வந்த லினக்ஸ் 5.6 கர்னலிலிருந்து, ஆரம்பத்தில் ஒரு தடவை போதுமான என்ட்ரோபி, அதாவது யூகிக்க முடியாத சரக்கு, சேர்ந்துவிட்டால் அப்புறம் காத்திருப்பே கிடையாது. ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினி வைத்திருப்பவர்களுக்குச் சிப்புக்குள்ளேயே ஒரு வன்பொருள் ரேண்டம் எண் ஜெனரேட்டர் இருக்கிறது. ஆக, குச்சி இல்லாமலே பெரும்பாலானோருக்குக் காரியம் நடந்துவிடும்.

கோடையில்தான் குச்சியின் குணம் தெரிந்தது. ஏசி இல்லாத அறையில் மே மாத மதியங்களில் பச்சை டேட்டாவை, அதாவது எந்தச் சுத்திகரிப்பும் செய்யாமல் நேராக வரும் பிட்டுகளை, எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகளின் பங்கு பாதியைத் தாண்டி மெதுவாக மேலே போய்க்கொண்டிருந்தது, ராத்திரி ஆனால் இறங்கியது. இதில் தப்பொன்றும் இல்லை. இயற்கையில் கிடைக்கும் எந்த மூலமும் சரிபாதியாக இருக்காது. கணித மேதை வான் நியூமன் இதற்கு எப்போதோ ஒரு வழி சொல்லிவிட்டார். பிட்டுகளை இரண்டிரண்டாக எடு; 01 வந்தால் 0, 10 வந்தால் 1, ஒரே மாதிரி இரண்டு வந்தால் தூக்கிப் போடு. பிட்டுகள் ஒன்றையொன்று சாராதவை என்றால் சாய்வு முழுக்கப் போய்விடும். விலையாக முக்கால்வாசி பிட்டுகளும் போய்விடும்.

என்னை உறுத்தியது வேறு. அதே மதியத்தில் குச்சியின் சுத்திகரித்த வெளியீட்டை எடுத்து ஆர்என்ஜி டெஸ்ட், டைஹார்டர் என்ற இரண்டு சோதனை நிரல்களிலும் ஓட்டினேன். குறை சொல்ல ஒன்றும் இல்லை. உள்ளே நடந்த ஏற்ற இறக்கத்தின் சுவடே அதில் தெரியவில்லை. சரி, இந்தச் சோதனைகள் எதைத்தான் பிடிக்கும் என்று பார்க்க 1, 2, 3 என்று வரிசையாக எண்ணி, ஒவ்வொன்றையும் ஷா-256-இல் (எதைக் கொடுத்தாலும் கலக்கிப்போடும் ஹேஷ் என்ற சூத்திர வகையில் ஒன்று) போட்டு வந்ததைக் கொடுத்தேன். அதுவும் பாஸ்! அதில் ரேண்டம் என்று சொல்ல ஒரு பிட்கூடக் கிடையாது. சுத்திகரிப்பு இந்த மாதிரி என்றால், கருவிக்குள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் செத்துப்போனாலும் வெளியீடு இதே மாதிரி பளபளவென்றுதான் இருக்கும். விளம்பரங்களில் எல்லா டெஸ்டும் பாஸ் என்று போட்டிருந்தால் நான் அதை இப்போது படிப்பதுகூட இல்லை.

இனி லேசர் பெட்டி. லேசர் ஒளி என்றாலே அணிவகுப்பு மாதிரி சீரானது என்று பள்ளியில் படித்திருப்போம். முழுக்க அப்படி இல்லை. ஏற்கெனவே இருக்கும் ஒளி தட்டிவிட்டுப் புது ஒளி பிறக்கும் தூண்டிய உமிழ்வோடு கூடவே, தட்டாமல் தானாகப் பிறக்கும் தன்னிச்சை உமிழ்வும் நடந்துகொண்டே இருக்கும். அப்படிப் பிறக்கும் ஒவ்வொரு ஃபோட்டானும் (ஒளித்துகள்) தன் இஷ்டத்துக்கு ஒரு கட்டத்தோடு, அதாவது அலையின் ஏற்ற இறக்கத்தில் ஏதோ ஓர் இடத்தில், வந்து மொத்த அலையையும் கொஞ்சம் அசைத்துவிடும். லேசர் டையோடை, அது லேசராக எரியத் தொடங்கும் மின்னோட்டத்துக்குச் சற்று மேலே மட்டும் ஓட்டினால் இந்த அசைவின் பங்கு கூடும். அலையின் கட்டத்தை நேராக அளக்க முடியாது என்பதால் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நீளமான ஃபைபரில் சுற்றவிட்டு, மறுபடி சேர்க்கிறார்கள். ஒளி, ஒரு கணம் முந்தைய தன்னோடேயே குறுக்கீடு செய்கிறது, அதாவது இரண்டு அலைகளும் சேர்ந்து கூடுகின்றன அல்லது குறைகின்றன. கட்டத்தில் இருந்த தள்ளாட்டம் பிரகாசத்தின் தள்ளாட்டமாக மாற, ஒளியை மின்சாரமாக்கும் ஃபோட்டோடையோடு என்ற உறுப்பு அதைப் படித்துவிடும்.

வேகம் குச்சியோடு ஒப்பிடவே முடியாத அளவு. லேசரை இந்த வேலைக்கு எல்லோரும் தேடிப்போவதே அதற்காகத்தான். 2008-இல் ஜப்பானில் உச்சிதா குழுவினர் இரண்டு செமிகண்டக்டர் லேசர்களின் தாறுமாறான (கேயாஸ்) ஒளி அலைவிலிருந்து விநாடிக்கு 1.7 கிகாபிட் எடுத்துக் காட்டினார்கள். 2021-இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஹுய் சாவ் குழு, விசேஷ வடிவத்தில் செய்த ஒரே ஒரு குட்டி லேசரிலிருந்து விநாடிக்கு 250 டெராபிட் என்றது. அவ்வளவு பிட்டுகளைப் பதிந்துவைக்க டிஸ்க் எங்கே என்று எங்கள் ஆய்வகத்தில் கொஞ்ச நாள் கேலி ஓடியது.

தினசரி பயன்பாட்டில் பெட்டியின் குறைகள்: விசிறிச் சத்தம், சூடேறி நிலைக்கு வர எடுக்கும் நேரம், அப்புறம் வெப்பநிலையோடு அதற்கு இருக்கும் தகராறு. அந்த நீளமான ஃபைபர் கொஞ்சம் விரிந்தாலே குறுக்கீடு நகர்ந்துவிடும். ராத்திரி யாராவது ஏசியை அணைத்துவிட்டுப் போனால் காலையில் சிவப்பு விளக்கு எரியும், ஒரு பிட்கூட வெளியே வராது. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. இப்போது அந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த அம்சமே அந்தச் சிவப்பு விளக்குதான். ஒரே மதிப்பு வரம்புக்கு மேல் தொடர்ந்து வருகிறதா, ஒரு மதிப்பு மட்டும் அளவுக்கு மிஞ்சி வருகிறதா என்று பச்சை டேட்டாவையே பெட்டி ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2018-இல் வெளியிட்ட 800-90பி விதிகள் கேட்பதும் இந்த இரண்டு சோதனைகளைத்தான்.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2019-ஐப் பாருங்கள். அப்போது வந்த ஏஎம்டி ரைசன் 3000 செயலிகளில், ரேண்டம் எண் கேட்கும் கட்டளை ஒவ்வொரு தடவையும் எல்லா பிட்டும் 1 ஆன ஒரே எண்ணைத் தந்தது, கூடவே வெற்றி என்ற குறியையும் தந்தது. சில லினக்ஸ் வகைகள் பூட் ஆகவே மறுத்ததால் விஷயம் சீக்கிரம் அம்பலமாகி, பயாஸ் அப்டேட்டில் சரிசெய்தார்கள். அதே எண்ணை மாறிக்கொண்டே இருக்கும் ஓர் எண்ணிக்கையோடு சேர்த்து ஒரு ஹேஷ் வழியாக அனுப்பியிருந்தால் எத்தனை நாள் ஆகியிருக்குமோ.

வாங்காமலே பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு இணையத்தில் வழி உண்டு. ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகம், லேசர் கற்றையைப் பிரித்து வெற்றிடத்தின் குவாண்டம் இரைச்சலை அளந்து எண்ணாகத் தருகிறது. ராண்டம்.ஆர்க் 1998 முதல் வளிமண்டல ரேடியோ இரைச்சலை நம்பி ஓடுகிறது. பரிசுக் குலுக்கலுக்கும் வகுப்பறைக்கும் அருமையானவை. சாவிக்கு மட்டும் ஆகாது, அனுப்பியவரிடமும் அந்த எண் இருந்திருக்கும் அல்லவா. பிரிட்டனில் வட்டிக்குப் பதில் குலுக்கலில் பரிசு தரும் அரசு சேமிப்புப் பத்திரமான பிரீமியம் பாண்டின் குலுக்கல் இயந்திரம் எர்னியின் கதையும் சுவையானது. 1957-இல் நியான் குழாய்களின் இரைச்சலில் தொடங்கி, 2019-இல் ஐந்தாம் எர்னி ஒளியின் குவாண்டம் குணத்துக்கு மாறிவிட்டது.

இப்போது என் ஏற்பாடு இப்படி. வீட்டில் குச்சி கர்னலின் என்ட்ரோபித் தொட்டிக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறது. மற்ற மூலங்களோடு கலந்துதான் போகிறது என்பதால் அது செத்தாலும் பாதகமில்லை. பச்சை டேட்டாவை அவ்வப்போது அளந்து, சாய்வு எல்லை மீறினால் மெயில் அனுப்ப ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டிருக்கிறேன். லேசர் பெட்டியை வேகம் தேவைப்படும் ஆய்வக வேலைக்கு மட்டும் தொடுகிறோம். இதையெல்லாம் படித்த பிறகும் வாங்கியே தீருவேன் என்பவர்கள் குச்சியா லேசரா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கடைக்காரரிடம் பச்சை டேட்டா வெளியே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றாலோ, கேள்வியே புரியாமல் விழித்தாலோ, அந்தப் பணத்துக்கு ஒரு ராஸ்பெரி பை வாங்கிக்கொள்ளலாம்.