பேத்தை மீனுக்காக வாங்கிய ரிஃப்ராக்டோமீட்டர்: எட்டு மாதம் கழித்து

கொளத்தூரில் ஒரு கடையில் பச்சை முதுகில் கறுப்புப் புள்ளி போட்ட பேத்தைக் குஞ்சு ஒன்றை வாங்கினேன். "நல்ல தண்ணி மீன்தாண்ணே, எதுல வேணா விடலாம்" என்றார் கடைக்காரர். உண்மையில் அது கழிமுகத்து மீன். குஞ்சாக இருக்கும்போது நல்ல தண்ணீரில் தாக்குப்பிடிக்கும். வளர வளர உப்பு வேண்டும். ஆறு அங்குலம் வரை வளரக்கூடிய மீன் அது. மூன்றாவது வாரம் அதன் வெள்ளை வயிறு சாம்பல் நிறமாகி, தொட்டியின் ஒரு மூலையிலேயே கிடந்தது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

சரி, தொட்டியை உவர்நீருக்கு மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். கூட இருந்த டெட்ரா என்ற சின்ன நல்ல தண்ணீர் மீன்களைத் தம்பி வீட்டுத் தொட்டிக்கு அனுப்பினேன். கடல் தொட்டிக்கென்று விற்கும் உப்பு ஒரு பையும், உப்பை அளக்க முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர் ஒன்றும் வாங்கினேன். அது காட்டுவது தண்ணீரின் ஒப்படர்த்தி: நல்ல தண்ணீருக்கு 1.000, உப்பு ஏற ஏற எண் கூடும். அந்த முள்ளை நம்பியதுதான் தவறு. முள்ளில் சின்னக் காற்றுக் குமிழ் ஒட்டினாலும் அது மேலே மிதந்து, இல்லாத உப்பை இருப்பதாகக் காட்டும். நான் குறிவைத்த 1.008 வந்துவிட்டது என்று இரண்டு வாரம் நிம்மதியாக இருந்தேன். மீனின் வயிறு வெளுக்கவே இல்லை.

அப்புறம்தான், ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் இந்த ரிஃப்ராக்டோமீட்டரை ஆன்லைனில் 1,450 ரூபாய்க்கு வாங்கினேன். கையடக்கமான குழாய். முனையில் சாய்ந்த கண்ணாடி, அதன்மேல் ஒரு மூடி. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு மூடி, வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால், நீலமும் வெள்ளையும் சேரும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் அளவு. முதல் நாளே தெரிந்துவிட்டது: என் தொட்டி 1.005தான்.

அதற்கு முன் பூஜ்யம் சரிபார்க்க வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரை இரண்டு சொட்டு விட்டு, கூடவே வரும் குட்டி ஸ்க்ரூடிரைவரால் திருகிக் கோட்டைப் பூஜ்யத்தில் நிறுத்துங்கள். பவளத் தொட்டி வைப்பவர்கள் கடல்நீர் அளவு உப்புள்ள (ஆயிரத்தில் 35 பங்கு) திரவத்தில் சரிபார்ப்பார்கள். நாம் ஸ்கேலின் கீழ்ப்பகுதியிலேயே இருப்பதால் இதுவே போதும். இன்னொன்று, வெப்பநிலையைத் தானே ஈடுகட்டும் வசதி 10 முதல் 30 டிகிரி வரைதான் என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. சென்னையில் மே மாதம் ஹாலே 34 டிகிரி. அந்த மாதம் முழுக்க ஏசி அறையில் வைத்துத்தான் அளந்தேன். தண்ணீர் விட்டதும் அரை நிமிடம் பொறுத்துப் பாருங்கள்.

அதன் பிறகு அளந்தே செய்தேன். என் தொட்டியில் மணல், கல் போக ஏறக்குறைய 160 லிட்டர் தண்ணீர். வாரம் 40 லிட்டர் மாற்றி, ஒவ்வொரு முறையும் 0.002க்கு மேல் ஏற்றவில்லை. அதற்கு 450 கிராம் உப்பு, கூடவே வெளியே எடுக்கும் தண்ணீரோடு போகும் உப்புக்கும் ஈடு. சமையலறைத் தராசு போதும். குளோரின் போக்கிய தண்ணீரில், தனி வாளியில் கரைத்து, முந்தின இரவே காற்றுக் குமிழ் விடும் ஏர் கல் போட்டு வைப்பேன். தொட்டிக்குள் நேராக உப்பைக் கொட்டவே கூடாது. அவசரப்பட்டால் ஃபில்டரில் இருந்து மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா செத்து அம்மோனியா ஏறிவிடும். 1.008க்கு வந்து சேரும் வரை வாராவாரம் சோதித்தேன், அம்மோனியா பூஜ்யத்திலேயே நின்றது. செடிகளில் ஜாவா ஃபெர்ன் தாங்கியது, மற்றதெல்லாம் அழுகியது.

"கல் உப்பு போதாதா?" என்று அண்ணிகூடக் கேட்டார். போதாது. உப்பளத்தில் கடல்நீர் வற்றும்போது சுண்ணாம்புச் சத்து முதலில் படிந்து பிரிந்துவிடும். கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு மக்னீசியம் வடிந்துவிடும். நடுவில் கிடைப்பது கிட்டத்தட்ட வெறும் சோடியம் குளோரைடு. பிஎச்சைத் தாங்கிப்பிடிக்க அதில் ஒன்றும் இல்லை. கடல் உப்புக் கலவை விலை அதிகம்தான், ஆனால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கருவியில் குறைகளும் உண்டு. ஸ்கேலில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையே 0.001, கீழ்ப்பகுதியில் நெருக்கமாக இருப்பதால் கண்ணாடி போடுபவர்களுக்குச் சிரமம். கண் வைக்கும் ரப்பர் இரண்டாம் மாதமே தளர்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் விட்டுத் துடைக்காவிட்டால் கண்ணாடியில் உப்புப் படிந்து அடுத்த அளவு தப்பாகும். குழாயைத் தண்ணீரில் முக்கவும் கூடாது.

ஆனாலும் இது இல்லாமல் இனி என்னால் முடியாது. மே மாதம் பத்து நாள் ஊருக்குப் போய் வந்தபோது தொட்டியில் மூன்று விரல்கடை தண்ணீர் குறைந்திருந்தது. தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே இருக்கும். பார்த்தால் 1.009. நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றினேன், மறுபடி 1.008.

பேத்தையின் வயிறு இப்போது பால்வெள்ளை. காலையில் நான் ஹாலுக்கு வந்ததும் கண்ணாடியோடு கண்ணாடியாக மேலும் கீழும் நீந்தி நத்தை கேட்கிறது. பல் வளர்ந்துகொண்டே இருக்கும் மீன் என்பதால் ஓடோடுதான் போடுகிறேன். கடிக்கும் சத்தம் சோபா வரை கேட்கிறது.